இலங்கைத் தாவரங்களுக்கு ஏடு வகுத்த திரைமன்

மேல்வகுப்பு மாணாக்கருக்கு ஐந்திணைப் பாகுபாட்டைக் கற்பித்துக்கொண்டிருந்த ஒருநாள், திணைப்பெயர்களுக்குக் காரணங் கூறப் புகுந்தேன். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்பன அவ்வந் நிலத்துக்குரிய பூக்களின் பெயர்களே என்றும், பாலையும் அவ்வாறே நீரற்ற வெஞ்சுரத்திலும் பட்டுப்போகாது நிற்கும் ஒரு மரத்தின் பெயர் என்றும் சொல்லிவிட்டு மேலே செல்ல முற்பட்டேன். பின்வாங்கில் இருந்த வன்னிப் பகுதி மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் ஊர்க் காட்டிலே பாலை நிற்கிறது. அதன் பழத்தை நாங்கள் பொறுக்கித் தின்பதுண்டு. அந்தப் பாலைதானோ இது?" என்று வினாவினான். ஆம் என்றேன். உடனே முன்வரிசையிலிருந்து மற்றொருவன், தன் பாட்டனார் நாட்டு வைத்தியர் என்றும், அவர் தோல்நோய்க்கு எண்ணெய் காய்ச்சும் பாலை சிறுமரம் என்றும், அதில் தின்னத்தக்க பழம் எதுவும் இல்லையென்றும் கூறினான். மூன்றாமவன் ஏழிலைப்பாலையை நினைவூட்டினான். மணி அடித்தது, யானும் தப்பினேன்.

பாடஞ் சொல்வோன் ஒரு சொல்லின் பொருளை அறிவான். அச்சொல் குறிக்கும் பொருளை அறியானாயின் அவன் சொல்லியது பாதிப் பாடமே. அன்று மாலை நூலகத்திற் புகுந்து, இலங்கைத் தாவரங்களைப் பற்றிய ஆங்கிலக் கைந்நூலை எடுத்துப் புரட்டினேன். ஐந்து பகுதிகளாய் அமைந்த அந்நூலின் மூன்றாம் பகுதியிலே எங்கள் வன்னிப் பாலை கிடைத்தது. இலத்தீன் பெயருக்குக் கீழே சிங்களப் பெயர் 'பலு' என்றும், தமிழ்ப் பெயர் 'பாலை' என்றும் குறிக்கப்பட்டிருந்தன. அது இலுப்பைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். வைத்தியர் எண்ணெய் காய்ச்சும் வெட்பாலையும், ஏழிலைப்பாலையும் அலரிக் குடும்பத்தன. மூன்றையும் கீறினாற் பால் வடியும். பால் வடிவதைக் கண்டு நம் முன்னோர் மூன்றுக்கும் ஒரு பெயரை இட்டனர். பூவையும் காயையும் பிரித்துப் பார்த்த தாவரநூலார் அவற்றை இரு வேறு குடும்பங்களில் வைத்தனர். இருசாராரும் கண்டது உண்மையே. ஆயின் ஊர்விட்டு ஊர் போகும்போது முன்னையது மயக்கந் தருகின்றது, பின்னையது தருவதில்லை.

அந்தக் கைந்நூலை இயற்றியவர் ஹென்றி திரைமன் என்னும் ஆங்கிலேயர். அவரது பெயரைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குச் சுற்றுலாச் சென்றுவந்த நம் மாணாக்கருள்ளும் அறிந்தவர் சிலரே.

திரைமன் 1843ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 26ஆந் தேதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். அவரின் மூத்த உடன்பிறந்தாருள் ஒருவராகிய றோலண்ட் திரைமன் பிற்காலத்தில் தென்னாபிரிக்கப் பூச்சியினங்களை, சிறப்பாக வண்ணத்துப்பூச்சிகளை, ஆராய்ந்து புகழ்பெற்றவர். இளையவர் செடிகொடிகளின்பாற் சென்றார். பள்ளிப் பருவத்திலேயே செடிகளைச் சேர்த்து உலர்த்தித் தாளில் ஒட்டி வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டாயிருந்தது. கிங்ஸ் கல்லூரியில் வைத்தியம் பயின்று 1865இல் இலண்டன் பல்கலைக்கழகத்துப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு இலண்டனில் வாந்திபேதி பரவியபோது ஒரு வட்டாரத்தின் வைத்திய அதிகாரியாய்த் தொண்டாற்றினார். எனினும் வைத்தியத்தொழில் அவரைப் பிடித்துவைக்கவில்லை. அக்காலத்து வைத்திய மாணவர் மருந்துமூலிகைகளை அறியும்பொருட்டுத் தாவரவியலையும் கற்றனர். அந்த வாயிலால் உட்புகுந்து வைத்தியத்தை மறந்தவர் பலர். திரைமன் அவர்களுள் ஒருவர்.

வாந்திபேதி பரவிய அதே 1866இல், இலண்டனை அடுத்த நீர்நிலை ஒன்றிலே, பிரித்தானிய நாட்டில் அதுகாறும் எவரும் கண்டிராத ஒரு நீர்த்தாவரத்தை அவர் கண்டுபிடித்தார். வுல்ஃபியா என்பது அதன் சாதிப்பெயர். வேரும் இலையும் இல்லாத பச்சைத் துகள் போன்றது அது. ஒரு கடுகளவுகூட இராது. பூக்குந் தாவரங்களுள் மிகச் சிறியன இச்சாதியிலேயே உள்ளன. குளத்தில் மிதக்கும் பாசி என்று எவரும் கடந்துபோகும் ஒன்றைக் குனிந்து நோக்கி, இது பாசியன்று, பூக்குஞ்செடி என்று காண்பதற்குத் தனிப்பட்ட கண் வேண்டும். பெருமரங்களை அறிந்துகொள்வது அத்துணை அரிதன்று.

பின்னர் அவர் வைத்தியசாலைக் கல்லூரியொன்றில் தாவரவியல் விரிவுரையாளராயும், 1869 முதல் பிரித்தானிய நூதனசாலையின் தாவரப் பகுதியில் உதவியாளராயும் பணிபுரிந்தார். அவ்வாண்டிலேயே நண்பர் திசெல்ற்றன் டயருடன் சேர்ந்து தாம் பிறந்த மிடில்செக்ஸ் மாவட்டத்தின் தாவரங்களைத் தொகுத்து நூலாக்கினார். தாவரவியற் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியராக 1872 முதல் 1879 வரை இருந்தார். பென்ற்லி என்பவருடன் கூடி, வண்ணப்படங்களோடு மருந்துத் தாவரங்கள் பற்றிய பெருநூலொன்றையும் வெளியிட்டார். இவற்றையெல்லாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1879இல் அவருக்கு முப்பத்தாறாம் வயது நடக்கையில், பேராதனைப் பூந்தோட்டத்தின் பணிப்பாளர் பதவி அவரை நாடி வந்தது. 1880இல் இலங்கையை அடைந்தார்.

அவர் இங்கு வந்தபோது நூல் எழுதுவதற்கு இடம் வெறுமையாய் இருந்ததென்று எண்ணலாகாது. அவருக்கு முன்னர் இரு நூற்றாண்டுக் கால உழைப்பு இருந்தது. ஆனால் அது சிதறிக் கிடந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1672ஆம் ஆண்டளவில், அவர்களது வணிகக் கூட்டத்தின் வைத்தியராக வந்த போல் ஹேர்மன் என்னும் ஜேர்மானியர் கொழும்பைச் சூழ்ந்த பகுதிகளிற் செடிகளைச் சேர்த்து உலர்த்தித் தாளில் ஒட்டி எடுத்துச் சென்றார். அவர் காலமானபின் அத்தொகுதி பல கைகள் மாறி, பல ஆண்டு மறைந்து கிடந்து, கடைசியில் டென்மார்க் அரசரின் மருந்தாளர் ஒருவரிடம் அகப்பட்டது. அவர் அதனைச் சுவீடன் நாட்டு லின்னேயசுக்கு அனுப்பினார். லின்னேயஸ் இலங்கையைக் கண்ணாற் கண்டவரல்லர். ஹேர்மனின் உலர்ந்த செடிகளையே பார்த்து 1747இல் 'புளோரா செய்லானிக்கா' என்னும் நூலை எழுதினார். ஆறாண்டுகளின் பின் 1753இல், சாதிப்பெயர் ஒன்று, இனப்பெயர் ஒன்று என ஒவ்வொரு தாவரத்துக்கும் இருசொற்பெயர் இடும் முறையை உலகுக்கு அளித்தபோது, நம் நாட்டுச் செடிகள் பலவற்றுக்கு அவர் பெயரிட்டதும் அந்த உலர்ந்த ஏடுகளை ஆதாரமாகக் கொண்டேயாம்.

ஆங்கிலர் காலத்தில் பேராதனைத் தோட்டத்தை 1821இல் தொடக்கிய மூன் என்பவர் 1824இல் ஒரு பட்டியல் வெளியிட்டு மறுவருடமே மறைந்தார். பின்வந்த காடினர் எழுத எண்ணியதை எழுதுமுன் 1849இல் இறந்தார். அவருக்குப்பின் முப்பதாண்டுகாலம் இருந்த துவைற்ஸ், 1858 முதல் 1864 வரை இலத்தீன் மொழியில் இலங்கைத் தாவரங்களின் எண்ணடைவு ஒன்றை வெளியிட்டார். அவர் பேரறிஞர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் பல நாட்டு உலர்செடிக் களஞ்சியங்களுக்கு அனுப்பிய இலங்கைச் செடிகளில் ஒரு குறை இருந்தது. ஓரினத்துக்கு ஓரெண் என்று வைத்து, வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஆட்களாற் பறிக்கப்பட்டவற்றை அவ்வோரெண்ணின் கீழ்ச் சேர்த்துவிட்டார். எங்கே பறித்தது, எப்போது பறித்தது என்று தாளிற் குறிப்பில்லாமற் போயிற்று.

இது அற்பமான குறையோ எனில், அன்று. ஒரு கிளையை மடக்கித் தாளுக்கிடையில் அழுத்தி உலர்த்துவது எவர்க்கும் இயலும். அதனோடு கூட எழுதிவைக்கும் நாலுவரிக் குறிப்பே அக்கிளைக்கு உயிர் தருவது. பறித்த ஊர், நிலத்தின் இயல்பு, தேதி, பறித்தவர் பெயர், பூவின் நிறம், மரத்தின் உயரம், அவ்வூரார் வழங்கும் பெயர் ஆகியவை அதில் வேண்டும். உலர்ந்தபின் பூவின் நிறம் மாறிவிடும். மரம் எத்துணை உயரம் என்பதைக் கிளை சொல்லாது. குறிப்பில்லாத செடி, ஏடு கிழிந்த சுவடிபோல. நூறாண்டின் பின் அக்காடு அழிந்துவிடுமாயின், அங்கே அம்மரம் நின்றது என்பதற்கு அந்தத் தாள் ஒன்றே சாட்சி.

திரைமன் முதலிற் செய்தது இந்தச் சாட்சிகளைச் சரிபார்த்தலே. 1885இல் இலங்கையிற் காணப்படும் பூக்குந் தாவரங்களையும் பன்னங்களையும் நிரைப்படுத்தி, துவைற்ஸின் நூலோடு ஒப்பிட்டு, நாட்டுவழக்குப் பெயர்களையும் சேர்த்து ஒரு பட்டியல் வெளியிட்டார். இலண்டனிற் பாதுகாக்கப்பட்ட ஹேர்மனின் தொகுதியைத் தாள்தாளாக ஆராய்ந்து, லின்னேயஸ் எந்தச் செடியைப் பார்த்து எந்தப் பெயர் இட்டார் என்பதை 1887இல் ஒரு கட்டுரையாக எழுதினார். பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடந் தேர்ந்து பதிப்பித்த நம் ஆறுமுகநாவலர், தாமோதரம்பிள்ளை முதலியோர் பணியை இது எனக்கு நினைவூட்டுகின்றது. அங்கே ஏட்டுச்சுவடி, இங்கே இலைச்சுவடி.

வீட்டுக்குள் இருந்து ஒப்பிடுதலோடு அவர் நிற்கவில்லை. ஈரவலயக் காடுகளும் மலைநாடும் முன்னையோரால் ஓரளவு ஆராயப்பட்டிருந்தன. வறண்ட பகுதிகள் அவ்வாறல்ல. வடமத்திய மாகாணச் சமவெளியில் தனித்து நிற்கும் ரிட்டிகல மலைமீது அவர் ஏறினார். இரண்டாயிரத்தைந்நூறு அடிக்குச் சற்று மேற்பட்ட உயரமே அம்மலைக்கு உண்டு. ஆயினும் உச்சியை முகில் தழுவுதலால், சுற்றிலும் வறண்ட காடாயிருக்க, மேலே மலைநாட்டுக்குரிய தாவரங்கள் விளங்குகின்றன. அவ்வுச்சிப் பாறைகளில் வேறெங்கும் காணப்படாத செடியொன்றைக் கண்டு கோலியஸ் இலோங்காற்றஸ் எனப் பெயரிட்டார். கர்ப்பூரவள்ளியின் சாதியைச் சேர்ந்தது அது.

அக்காலத்துத் தோட்டத்துரைமாருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வீண்பொழுதாகவே தோன்றியிருத்தல் வேண்டும். 1869இல் முதன்முதற் காணப்பட்ட இலைத்துருநோய், திரைமன் வந்த காலத்தில் கோப்பிப் பயிரை அழித்துக்கொண்டிருந்தது. மாற்றுப்பயிர் எது என்பதே எங்கும் பேச்சு. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய குயினைனைத் தரும் சிங்கோனாவைப் பலர் நாட்டனர். அப்போதுதான் வகைப்படுத்தலின் பயன் தோட்டக்காரருக்கும் விளங்கலாயிற்று. சிங்கோனாவில் இனங்கள் பல. சில செழித்து வளரும். பட்டையிற் குயினைன் குறைவு. சில வளர அரியன. பட்டையிற் குயினைன் மிகுதி. விதை வாங்குவோர் ஒன்றை எண்ணி வேறொன்றை நாட்டினர். சாவகத்திற் சிறப்புற்றிருந்த லெட்ஜர் வகை தனியினமே என்று திரைமன் 1881இல் எழுதினார். சிங்கோனா லெட்ஜேரியானா என்னும் பெயரை ஒட்டி அவரது பெயரும் எழுதப்படுகின்றது. இக்காலத்தார் அதனைத் தனியினமாகக் கொள்ளாது வேறோர் இனத்துள் அடக்குவர். அது அறிவு வளர்வதன் இயல்பு. அதனால் அவர் செய்த பயன் குறைந்துவிடாது.

கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் 1876இல் நடப்பட்ட றப்பர்க் கன்றுகளுள் வளர்ந்த ஒன்றை 1888இற் கீறிப் பால் எடுத்து, எவ்வளவு கிடைக்கின்றதென்று அளந்து எழுதியவரும் அவரே. அநுராதபுரத்தில் 1883இலும், பதுளையில் 1886இலும் கிளைத்தோட்டங்கள் அவர் காலத்தில் அமைந்தன. 1888இல் இலண்டன் றோயல் சங்கத்தார் அவரைத் தம் உறுப்பினராக ஏற்றனர். பசிபிக் தீவுகளிலும் அயல்நாடுகளிலும் உள்ள ஒரு தாவரச் சாதிக்குத் திரைமேனியா என அவர் பெயரே வழங்குகின்றது.

இனிக் கைந்நூலுக்கு வருவோம். அதன் முதற்பகுதி 1893இல் வெளிவந்தது. இரண்டாவது 1894இல், மூன்றாவது 1895இல். இலத்தீனை விட்டு ஆங்கிலத்தில் எழுதியமை அதன் முதற் சிறப்பு. தோட்டக்காரரும் காட்டிலாகாவினரும் ஆசிரியரும் தாமே எடுத்துப் படிக்கக்கூடியதாயிற்று. அடுத்த சிறப்பு, பெயர் அறியாத செடியை இனங்காணும் வழியைக் காட்டியமை. இலைகள் எதிரெதிராக உள்ளனவா, ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ளனவா? அல்லிகள் தனித்தனியே உள்ளனவா, ஒன்றோடொன்று கூடியுள்ளனவா? கேசரங்கள் எத்தனை? சூலகத்தில் அறைகள் எத்தனை? இவ்வாறு இரண்டிரண்டாகக் கவரும் பாதையிலே விடைசொல்லிச் சென்றால், படிப்பவன் தானே அந்தச் செடியின் பெயரில் வந்து நிற்பான். நம் வகுப்பறைகளில் மனப்பாடஞ் செய்து ஒப்பிக்கும் முறைக்கு நேர்மாறானது இது. பெயரைச் சொல்லிக் கொடுப்பதன்று. பெயரைக் கண்டடையச் செய்வது.

நூலுடன் நூறு படங்கள் கொண்ட தொகுப்பும் உண்டு. அவற்றைப் பற்றிச் சொல்லுமிடத்துத் த அல்விஸ் குடும்பத்தாரை மறத்தல் நன்றியன்று. தந்தையும் மைந்தருமாகப் பேராதனையிற் செடிகளைப் பார்த்து ஓவியம் வரைந்த சிங்களக் குடும்பம் அது. துரைமாரின் பெயர் நூலின் முகப்பில் இருக்கின்றது. கேசரத்தை எண்ணித் தூரிகை பிடித்த கை அவர்களுடையது.

மூன்றாவது சிறப்பு நமக்கு நெருங்கியது. செடிகள் பலவற்றுக்குத் தமிழ்ப்பெயரும் சிங்களப் பெயரும் அதிற் குறிக்கப்பட்டுள்ளன. தமிழ் கற்பிக்கும் எனக்கு அப்பக்கங்கள் ஓர் அகராதியாகவே தோன்றின. வீரை உண்டு, கருங்காலி உண்டு, முதிரை உண்டு. முதிரை என்றால் இலக்கியத்திற் பயறு முதலிய தானியம் என்றே பொருள் கொள்வோம். ஈழத்திலோ அது கதவும் கட்டிலும் செய்யும் வைரமரம். தமிழகத்தார் அம்மரத்தை வேறு பெயராற் சுட்டுவர். ஒரே மொழியில், கடலுக்கு இப்பாலும் அப்பாலும் ஒரு சொல் இருவேறு பொருளைக் குறிக்க, அம்மரத்துக்குக் குளோரோசைலன் என்னும் நூற்பெயர் இருகரைக்கும் ஒன்றாய் நிற்கின்றது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். தமிழ்ப்பெயர்கள் உரோம எழுத்தில் அச்சிடப்பட்டமையால் லகர, ளகர, ழகர வேறுபாடு அவற்றிற் புலப்படுவதில்லை. சில பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டியபோது, அவர் சிரித்துக்கொண்டு சரியான உச்சரிப்பைச் சொன்னார். அப்பெயர்களை முதலிற் சொன்ன வேடுவரும், விறகுவெட்டியரும், பரியாரிமாரும் எவரென்று நூலில் இல்லை. எழுதியவர் தமிழறியாதவர், கேட்டதைக் கேட்டவாறு எழுதினார். நாமோ தமிழறிந்தும் எழுதிவைக்கவில்லை. ஆகையால் அவரைக் குறைகூற எனக்கு வாயெழவில்லை.

மூன்று பகுதிகளும் அச்சேறிய காலத்தில் திரைமன் நோயாளர். காது முற்றாகக் கேளாதாயிற்று, கால்கள் செயலிழந்தன. மலையேறிச் செடி பறித்தவர் நாற்காலியோடு நாற்காலியாய் இருந்து, பிறர் கொண்டுவந்து கொடுத்த உலர்ந்த கிளைகளைப் பார்த்து எழுதினார். 1896இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். தாய்நாட்டுக்குத் திரும்பிச் சென்றிருக்கலாம்; செல்லவில்லை. நூல் முடியவில்லை, செடிகள் இங்கே இருந்தன. அவ்வாண்டு ஒக்டோபர் 16ஆந் தேதி, ஐம்பத்துமூன்று வயது நிறையப் பத்து நாள் இருக்கையில், அவர் காலமானார்.

எஞ்சிய வேலையை ஏற்றவர் சேர் ஜோசப் ஹூக்கர். கியூ தோட்டத்தின் பணிப்பாளராயிருந்து ஓய்வுபெற்றவர், டார்வினின் உயிர்த்தோழர், இந்தியத் தாவரங்கள் பற்றிய ஏழு பாகப் பெருநூலை 1897இல் முடித்தவர். எண்பது வயதிற் பிறரொருவரின் அரைகுறை நூலைக் கையிலெடுக்க அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. நான்காம் பகுதியை 1898இலும், புல்லினங்களைக் கொண்ட ஐந்தாம் பகுதியை 1900இலும் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எண்பத்துமூன்று. நம் யாழ்ப்பாணத்துப் பனை நான்காம் பகுதியில் உள்ளது. வயலில் விளையும் நெல் ஐந்தாம் பகுதியில் உள்ளது. ஆகவே பாலையை எழுதி முடித்த திரைமன், பனையை அச்சிற் காணவில்லை.

1931இல் ஆல்ஸ்ரன் என்பவர் ஒரு பிற்சேர்க்கை எழுதினார். 1980 முதலாகப் பல நாட்டு அறிஞர் கூடி அக்கைந்நூலைப் புதுக்கிப் பல தொகுதிகளாக வெளியிட்டனர். திரைமன் எழுதிய பெயர்களுட் பல அதில் மாறிவிட்டன. எங்கள் பாலைக்கு அவர் எழுதிய மிமுசோப்ஸ் ஹெக்ஸாண்ட்ரா என்ற பெயர் இப்போது மனில்காரா ஹெக்ஸாண்ட்ரா. ஹெக்ஸாண்ட்ரா என்றது ஆறு கேசரம் உடைமையால்; சோழமண்டலக் கரையில் ஆராய்ந்த றொக்ஸ்பரோ இட்ட பெயர் அது. மனில்காரா என்பது மலையாளக் கரையில் வழங்கிய பெயரிலிருந்து வந்தது. நம் பக்கத்துச் சொல்லொன்று இலத்தீன் வேடம் பூண்டு உலகமெங்கும் உலாவுகின்றது.

சங்க நூலிற் கூறப்பட்ட பாலை இம்மூன்றனுள் எது என்பதற்கு இந்நூலில் விடையில்லை. அது தாவரநூலார் தீர்க்கவேண்டிய வழக்குமன்று. வெட்பாலையே என்பாரும், நம் வன்னிப்பாலையே என்பாரும் உளர். அடுத்த பாடத்தில் மூன்று மரங்களையும் கரும்பலகையில் எழுதி, இன்னது இன்ன குடும்பம் என்று விளக்கி, முந்திய நாள் யான் 'ஆம்' என்றது அவசரத்தில் என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

ஆவணி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, அந்த வன்னி மாணவன் பழைய செய்தித்தாளுக்குள் அழுத்திய கிளையொன்றைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தான். தாளின் ஓரத்தில் ஊர், குளக்கட்டின் பெயர், தேதி, மரத்தின் சுற்றளவு, தன் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதியிருந்தான். இலைகள் ஒழுங்காக விரிக்கப்பட்டிருந்தன. பூ இல்லை, பழக்காலமும் கழிந்திருந்தது. கேசரம் ஆறோ என்று எண்ணிப் பார்க்க வழியில்லையே என்றேன். "பூக்கிற நேரம் அப்பு கடிதம் போடுவார், ஐயா; அப்போது போய்ப் பறித்து வருகிறேன்" என்றான்.